மழைத் தொட்டியும் பீர் அண்டாவும்

1

சென்ற புதன்கிழமை கோலாலம்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் என் இரண்டு கட்டைவிரல்களிலும் கருப்பு மை தடவினார்கள். இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவர்களுக்குச் சிவப்பு நிற அடையாள அட்டை கொடுப்பார்கள், பேச்சில் ‘ஐசி’. இந்த நாட்டுக்கு வந்து பத்து வருடம் காத்திருந்து அதற்காகப் போயிருந்தேன். அட்டைக்கு ரேகை பதிய வேண்டும் என்றார்கள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்று தெரிந்த மலாயில் சொன்னேன். கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். “டாக்டரும் வைக்கிறார், வக்கீலும் வைக்கிறார். கையைக் கொடுங்கள் அக்கா” என்றாள். கொடுத்தேன்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டவள் நான். அப்பா புதுக்கோட்டைப் பக்கம் கிணறு வெட்டுகிறவர். என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று தலைமையாசிரியரின் மேசையில் ஊதா நிற மைப்பெட்டி ஒன்று இருந்தது. அப்பா விரலை அழுத்தி எடுத்துத் தாளில் வைத்தார். பாறை உடைத்துத் தேய்ந்துபோன விரல். இரண்டு முறை வைத்தும் ரேகை விழவில்லை, வெறும் ஊதாப் பொட்டுதான் விழுந்தது. “போதும் விடு” என்றார் தலைமையாசிரியர். அந்த வயதில் நான் ஏதோ சபதம் எடுத்துக்கொண்டேன் என்று சொன்னால் அது பொய். அந்தப் பொட்டு எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதன் பிறகு பள்ளி, கல்லூரி, பாஸ்போர்ட் என்று எங்கெல்லாம் கோடு போட்டு இடம் விட்டிருந்தார்களோ அங்கெல்லாம் என் முழுப்பெயரையும் எழுதியிருக்கிறேன். சுருக்கியதில்லை.

கிள்ளானுக்குத் திரும்பும் பஸ்ஸில் விரல்களை உள்ளங்கைக்குள் மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது நினைவுக்கு வந்தது அப்பாவின் விரல் அல்ல. மூன்று வருடத்துக்கு முன் எங்கள் பின்வாசலில் நானே மை தடவிய இன்னொரு விரல். அதற்குக் காரணம் பீர். ஆகவே பீரிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

2

கிள்ளான் துறைமுகத்தை ஒட்டி பண்டமாரான் என்று ஒரு குடியிருப்பு. லோரி ஓட்டுகிறவர்கள், கப்பலில் சரக்கு இறக்குகிறவர்கள், கிடங்கில் வேலை செய்கிறவர்கள் இருக்கும் இடம். என் கணவர் சேகர் துறைமுகத்தின் குளிர்கிடங்கில் வேலை செய்கிறார். எங்களோடு இருப்பவர் அவருடைய அம்மா, பாக்கியம் அத்தை. காப்பார் என்ற ஊரில் எண்ணெய்க்கான ஒரு செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்கிப் பொறுக்கி முதுகு வளைந்தவர். படிப்பு கிடையாது. ஒரு முறை பார்த்ததை மறக்கவும் மாட்டார்.

வீடு பாதி செங்கல், பாதி பலகை. தகரக் கூரை. கூரைத் தண்ணீர் ஒரு குழாய் வழியாகப் பின்பக்கத்தில் உள்ள சிமெண்டுத் தொட்டியில் வந்து விழும். மூன்றடி அகலம், இரண்டரை அடி உயரம், வட்டத் தொட்டி. குழாய்த் தண்ணீர் நிற்கும் நாட்களுக்கு அதுதான் ஆதரவு. துணி துவைப்பது, தலைக்குக் குளிப்பது, செடிக்கு ஊற்றுவது எல்லாம் அதிலிருந்துதான். நின்ற தண்ணீரில் கொசு வரும் என்பதால் சாக்கடையிலிருந்து கப்பி மீன் பிடித்து அதில் விட்டிருந்தோம். விரல் நகத்தளவு மீன். கொசுப்புழுதான் அதற்குச் சாப்பாடு. இந்தப் பக்கத்தில் தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் பலரும் செய்கிற ஏற்பாடு இது. மீன் விடுவதும் பார்ப்பதும் அத்தையின் பொறுப்பு.

என் மாமனார் நான் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். சம்சு என்று இங்கே ஒரு மலிவுச் சாராயம். தோட்டத்தில் அவர் வயதுக்காரர்கள் பலர் அதிலேயே போனார்கள். அதனால் சேகர் கடைச் சாராயத்தைத் தொடுவதில்லை. ஆனால் குடியே கூடாது என்று முடிவெடுக்கும் ஆளும் இல்லை. கப்பல் சமையல்காரர் ஒருவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வரும்போது ஒரு டின் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே கருப்பட்டிப் பாகு மாதிரி கெட்டியாக மால்ட் பாகு. சர்க்கரை சேர்த்துத் தண்ணீரில் காய்ச்சி, ஆற்றி, ஈஸ்ட் போட்டு மூடி வைத்தால் பத்து நாளில் பீர். வெளியே விற்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை சேகரும் கிடங்கு நண்பர் ஒருவரும் இரண்டிரண்டு பாட்டில் குடிப்பார்கள். உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சலாமா என்று நான் கேட்டேன். “கேட்டாதான் கூடாதுன்னு சொல்லுவாங்க, கேக்காம இருந்துக்குவோம் லா” என்றார் சேகர். ‘லா’ இந்த ஊர்ப் பேச்சின் வால்.

முதல் டின் வந்தபோது அத்தை இதற்கு அடுப்பு மூட்டியதைப் பார்த்து எனக்கு அதிர்ச்சி. சாராயத்தில் கணவனை இழந்தவர்.

“உங்க மாமா குடிச்சதுல என்னா கலந்திருந்தான்னு காய்ச்சினவனுக்கே தெரியாது. இதுல என்னா இருக்குன்னு எனக்குத் தெரியும். என் அண்டா, என் அடுப்பு” என்றார் அத்தை.

ஊருக்கு எழுதும் கடிதங்களில் நான் இதை எழுதியதில்லை. அப்பாவுக்குத் தபால்காரர்தான் வாசித்துக் காட்டுவார், தெருவே கேட்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் ‘சத்துக் கஞ்சி’ காய்ச்சுகிறோம் என்று ஒரு முறை எழுதினேன். மாப்பிள்ளையைத் தினமும் குடிக்கச் சொல்லு, இளைத்துப் போனாராமே என்று பதில் வந்தது. இதை நான் எழுதும் பத்திரிகை அந்தத் தெருவுக்கும் போகும். பரவாயில்லை, இப்போதாவது தெரிந்துகொள்ளட்டும்.

3

முதல் இரண்டு டின்னும் வீணாயின. காய்ச்சிய அண்டாவைச் சேகர் அடுக்களையிலேயே ஆற விட்டார். இந்த ஊர்ச் சூட்டில் அது மறுநாள் காலை வரை வெதுவெதுப்பாகவே இருந்தது. ஈஸ்ட் போடுவதற்குள் வேறு ஏதேதோ அதில் குடியேறிவிட்டது. குடித்துப் பார்த்த நண்பர் நாகரிகமாக ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த ஞாயிறு வரவில்லை.

மூன்றாவது டின்னோடு வந்த ஆங்கிலத் தாளைச் சேகர் என்னிடம் கொடுத்தார். “தேவகி, நீதான் டிகிரி ஆளாச்சே. இதுல என்னா சொல்றான்னு பாரு.”

காய்ச்சியதைச் சீக்கிரம் ஆற்ற வேண்டும், கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே வந்த பிறகுதான் ஈஸ்ட் போட வேண்டும் என்று எழுதியிருந்தது. குளிர்ந்த தண்ணீரில் பாத்திரத்தை வை என்றும் இருந்தது. குளிர்ந்த தண்ணீர் எங்கே இருக்கிறது என்று யோசித்தபடி பின்வாசலில் நின்றேன். தொட்டி எதிரே இருந்தது. கூரையின் நிழலில், சிமெண்டுக்குள், எந்த நேரம் கை விட்டாலும் சில்லென்று இருக்கும் மழைத் தண்ணீர்.

நான் பி.எஸ்ஸி. வேதியியல். புதுக்கோட்டையில் படித்தபோது எங்கள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் சேர்த்து இரண்டு வெப்பமானிதான். அதில் ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டுமென்றால் மணி அடிக்கும் முன்பே போய் நிற்க வேண்டும். போய் நின்றவள் நான். இந்த நாட்டுக்கு வந்ததும் அந்தப் பட்டம் பெட்டிக்குள் போனது. என் பாஸ்போர்ட்டில் வருடா வருடம் குத்தும் முத்திரையில் வேலை செய்யக் கூடாது என்று இருக்கும். பட்டத்தை எங்கேயும் காட்டத் தேவையே வரவில்லை. பக்கத்து வீட்டு ஆன்டிக்கு நான் “இந்தியாவுலேருந்து கொண்டாந்த மருமக”. அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

அன்றைக்கு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். அண்டாவில் இருபது லிட்டர், கொதிநிலை. தொட்டியில் ஏறக்குறைய நானூற்றைம்பது லிட்டர், இருபத்தேழு டிகிரி. அண்டாவை மூடிக் கட்டித் தொட்டிக்குள் செங்கல்மேல் இறக்கினால், கடைசியில் இரண்டும் முப்பது டிகிரியில் வந்து நிற்கும். மூன்றே டிகிரி ஏற்றம். தொட்டிக்கு ஒன்றும் ஆகாது.

“தலைக்கு ஊத்துற தண்ணியில அண்டாவ எறக்குறதா?” என்றார் அத்தை.

“வெளிப்பக்கம்தான் அத்தை நனையும்.”

“மீனு?”

“மூணு டிகிரிதான் ஏறும். கணக்குப் போட்டுட்டேன்.”

அத்தை தாளை வாங்கிப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு அண்டாவின் ஒரு காதைப் பிடித்தார். சேகர் இன்னொரு காதை. கரிப்பிடித் துணி வழியாகச் சூடு ஏற, “ஐயோ ஐயோ” என்று இருவரும் ஓட்டமும் நடையுமாகக் கொண்டுபோய் இறக்கினார்கள். தண்ணீர் ‘சுர்’ரென்றது. முக்கால் மணி நேரத்தில் அண்டா ஆறிவிட்டது. அந்தத் தடவை பீர் புளிக்கவில்லை. நண்பர் திரும்பி வந்தார். “சிஸ்டர் சயன்ஸ் படிச்சவங்களா? அதான் லா!” என்றார்.

அந்த ‘அதான்’ எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆறு வருடத்தில் என் படிப்பை யாரோ ஒருவர் குடித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்னார்.

4

அதே மாதத்தில்தான் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பித்தேன். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் ஒரு சந்தில் யாழ்ப்பாணத்து அம்மாள் ஒருவர் இருந்தார். அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். என் மாதிரி ஆட்களுக்குப் படிவம் அடித்துக் கொடுப்பார். மலாயில் ஒரு எழுத்துப் பிழை இருக்காது. படிவத்தை உறையில் போட்டுத் தரும்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

“தங்கச்சி, இனிக் கொஞ்சக் காலத்துக்கு உங்கட பேரில ஒரு துண்டும் இருக்கப்படாது. பொலிஸ் எண்டாலும் சரி, நகராண்மை எண்டாலும் சரி. ஒரு சம்மன் வந்தா ஃபைல் அடியில போயிடும். பிறகு என்ர வயசிலதான் உங்களுக்கு ஐசி.”

அது உண்மைதானா என்று எனக்கு இன்றும் தெரியாது. அன்று முழுதாக நம்பினேன். நம்புவதற்குக் காரணமும் இருந்தது. மகள் மலருக்கு அப்போது ஐந்து வயது. பாலர் பள்ளியில் எதையோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம், “பாப்பா, அம்மாச்சி, நான் எல்லாம் மலேசியா. அம்மா மட்டும் விசிட்டர்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அப்பாவைப் ‘பாப்பா’ என்றும் அப்பாயியை ‘அம்மாச்சி’ என்றும் கூப்பிடுவாள். திருத்தித் திருத்தி விட்டுவிட்டேன். ஆனால் ‘விசிட்டர்’ என்ற சொல்லைத் திருத்த முடியவில்லை, அது சரியாக இருந்தது. அனுமதி புதுப்பிக்கப்படாவிட்டால் போக வேண்டியவள் நான் ஒருத்திதான். அவள் இங்கேதான் இருப்பாள்.

5

அடுத்த வருடம் சில வாரங்கள் மழையே இல்லை. குழாயிலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். தொட்டியில் மட்டம் இறங்கி இறங்கி, சுவரில் வளையம் வளையமாகக் கறை தெரிந்தது. அந்த நேரத்தில் ஒரு டின் வந்தது. நண்பருக்கு இரண்டு வாரத்தில் பிறந்தநாள், காய்ச்சலாமே என்றார் சேகர்.

அத்தை தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார். முழங்கைக்குக் கீழேயே தரை தட்டியது.

“தண்ணி கம்மியா இருக்கே தேவகி. பரவால்லியா?”

“கணக்குப் போட்டதுதானே அத்தை. எறக்குங்க.”

மறுபடியும் போட்டுப் பார்க்கவில்லை. போன வருடத்துத் தாள் அடுக்களைச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் நானூற்றைம்பது லிட்டர் என்று என் கையெழுத்தில் தெளிவாக இருந்தது. தொட்டியில் இருந்தது நூற்றறுபதுகூட இருக்காது.

இறக்கிவிட்டு நான் துணி காயப் போடப் போனேன். சேகரும் அத்தையும் பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, கிளம்பினார்கள். கொஞ்ச நேரத்தில் மலர் வந்து என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா, ஈக்கான் எல்லாம் தூங்குது.”

ஈக்கான் என்றால் மலாயில் மீன். போய்ப் பார்த்தேன். எட்டு மீன்கள், வயிறு மேலாக. தண்ணீருக்குள் கை விட்டேன். மேல்மட்டம் குளிக்கிற வெந்நீர் போல இருந்தது. அடியில் மட்டும் கொஞ்சம் சில்லிப்பு. மீன்கள் மூச்சு விட வருவது மேலேதான்.

அங்கேயே நின்று மனதுக்குள் கணக்கைப் போட்டேன். முப்பத்தைந்து. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அத்தை கேட்டபோது அந்த இரண்டு நிமிடம் எனக்கு இல்லாமல் போயிருந்தது.

பாசாரிலிருந்து திரும்பி வந்தவர்களிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். மீன் செத்ததற்காக யாரும் யாரையும் வீட்டைவிட்டு அனுப்ப மாட்டார்கள். சொல்லவில்லை. சல்லடைக் கரண்டியால் மீன்களை எடுத்து முருங்கை மரத்தடியில் புதைத்தேன். மீன்களுக்கு உடம்பு சரியில்லை, மண்ணுக்குள் தூங்கட்டும், அம்மாச்சியிடம் சொல்லாதே என்று மலரிடம் சொன்னேன். அவளிடம் நான் சுத்தத் தமிழில் பேசி அவள் முழுதாகப் புரிந்துகொண்ட ஒரு சில பேச்சுகளில் அதுவும் ஒன்று.

சாக்கடையிலிருந்து வேறு மீன் பிடித்து விட்டுவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் மழை கொட்டியது. சாக்கடை கரை புரண்டு ஓடியது, மீன் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. தொட்டி ஒரே நாளில் நிறைந்தது. காய்ந்த சுவரில் கொசு இட்டு வைத்த முட்டைகள் தண்ணீர் தொட்டதும் பொரிக்கும் என்று எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் துணி அலசிக்கொண்டிருந்த அத்தை, என்னைப் பார்க்காமலே கேட்டார். “மீனு ஒண்ணும் கண்ணுல படலியே.”

“அடியில இருக்கும் அத்தை. தண்ணி நெறஞ்சிருச்சில்ல.”

“ம்” என்றார்.

6

ஆறாம் நாள் காலையில் சுகாதாரப் பகுதியிலிருந்து ஆள் வந்தார். டெங்கிக் காய்ச்சலுக்காக வீடு வீடாகப் பார்க்கிறார்கள். வந்தவர் தமிழ் இளைஞர். தோளில் பை, கையில் டார்ச்சும், நீண்ட பிடி போட்ட வெள்ளைக் கிண்ணமும். சேகர் வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் நானும் அத்தையும்தான்.

“ஆன்டி, கொசு செக்கிங். பின்னால தொட்டி இருக்கா?”

“இருக்குப்பா. மீனு விட்டிருக்கோம்” என்றார் அத்தை.

குளியலறையின் மூலையில் ஈரத் துண்டு போர்த்திய பிளாஸ்டிக் டிரம்மில் பீர் ஊறிக்கொண்டிருந்தது. ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம். அவர் நின்றார்.

“அது என்னா?”

“ஊறுகா போட்டிருக்கேன்.”

“ஊறுகா பேசுமா ஆன்டி?”

“எலுமிச்ச ஊறுகாப்பா. பொங்கும். நீ கல்யாணம் பண்ணு, ஒம் பொண்டாட்டி போட்டுக் குடுத்தா தெரியும்.”

அவர் சிரித்துவிட்டார். மூக்கை ஒரு முறை உறிஞ்சினார், வேறொன்றும் கேட்கவில்லை. நேராகத் தொட்டிக்குப் போனார். கிண்ணத்தை அமுக்கி எடுத்து டார்ச் அடித்தார். எனக்கு எட்ட நின்றே தெரிந்தது. வெள்ளைக் கிண்ணத்தில் கோடு கோடாக நெளிந்தன.

“பாருங்க ஆன்டி. ஜெந்திக். கொசுப்புழு. எவ்ளோ இருக்கு பாருங்க. மீனு எங்க?”

அவர் இன்னொரு முறை அமுக்கி எடுத்தார். இன்னும் அதிகமாக இருந்தது.

“மீனு இல்ல லா இதுல. நான் சும்மா விட முடியாது. போன மாசம்தான் பக்கத்துச் சந்து, அந்த லோரோங்குல ரெண்டு பேருக்கு டெங்கி. சம்மன் எழுதணும்.” பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். “இந்தத் தொட்டிய யாரு பாத்துக்குறது? பேரு சொல்லுங்க. ஐசி குடுங்க.”

அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். பார்த்தால் வீட்டை நடத்துகிறவள் நான்தான் என்று தோன்றியிருக்கும். பேனாவை என் பக்கம் நீட்டினார். பிரிக்பீல்ட்ஸ் அம்மாள் கண்ணாடியைக் கழற்றுவது என் முன்னால் தெரிந்தது. வாயைத் திறந்தேன். என்ன சொல்லப் போனேன் என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை. நான்தான் என்று சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது.

“நான்தான் பாக்குறேன்” என்றார் அத்தை. “அதுக்கு ஒண்ணும் தெரியாது, இந்தியாவுலேருந்து வந்த புள்ள. மீனு விடுறது நான்தான். செத்துப்போச்சு, திரும்ப விடல. மறந்துட்டேன்.”

“மறக்கலாமா ஆன்டி? கொசு மறக்குமா?”

“வயசாயிருச்சுப்பா.”

உள்ளே போய் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்த, குடிமக்களுக்கான நீல அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். இளைஞர் அதைப் பார்த்து எழுதினார். எழுதி முடித்துப் புத்தகத்தைத் திருப்பி, “இங்க சைன் பண்ணுங்க” என்றார்.

“எனக்கு சைன் வராது.”

“அப்ப கைரேகை. ஸ்டாம்பு பேடு எடுத்துட்டு வரலியே…”

எங்கள் வீட்டில் பேனா உண்டு. என்னுடையது. மை ஊற்றி எழுதும் பேனா, கல்லூரி நாளிலிருந்து வைத்திருப்பது. அத்தை என்னிடம் கையை நீட்டினார். “தேவகி, அந்தப் பேனாவ எடுத்துட்டு வா.”

எடுத்துவந்தேன். அத்தையின் வலது கட்டைவிரலைப் பிடித்து அதில் நீல மையைக் கோடு கோடாகப் பூசினேன். செம்பனை முள் குத்திக் குத்தித் தழும்பான விரல். மை ஒரு பக்கம் ஒட்டியது, ஒரு பக்கம் வழிந்தது. சீராகப் படிய வேண்டுமே என்று என் விரல் நுனியால் தேய்த்துவிட்டேன். அந்த வேலையை நான் கவனமாகச் செய்தேன். தாளில் ரேகை நன்றாக விழுந்தது.

அவர் தொட்டிக்குள் மணல் மாதிரி ஒரு மருந்தைத் தூவிவிட்டு, ஊறுகாய் டிரம்மை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

அத்தை குழாயடியில் விரலைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே சொன்னார். “அன்னிக்கே அடுத்த வீட்டுக் கோழி முருங்க மரத்தடியக் கெளறுச்சு. ஒரு மீன வாயில வச்சுக்கிட்டு ஓடுது. மிச்ச ஏழையும் நான்தான் திரும்ப மூடுனேன்.”

நான் பேனாவை மூடினேன்.

“மூணு நாள் கழிச்சு நான் கேட்டேன்ல? அப்ப நீயா சொல்லுவியான்னு பாத்தேன்.”

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

7

அபராதத்தைச் சேகர் போய்க் கட்டிவிட்டு வந்தார். அம்மா மறந்துவிட்டார் என்பதுதான் அவருக்குத் தெரிந்தது. கோபக்காரர் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவருக்கு ஒரு கேலி கிடைத்தது. அத்தை சாவியைத் தேடினால், உப்புப் போட மறந்தால், பேத்தியின் பள்ளிக்கூட பஸ் நேரத்தை மாற்றிச் சொன்னால், “அம்மா, மீனு இருக்கா?” என்பார். நண்பரும் கற்றுக்கொண்டார். மலரும் கற்றுக்கொண்டாள், அவள் அதை மலாயில் கேட்பாள். அத்தை, “இருக்குடா, போய் எண்ணிப் பாரு” என்பார். எதையும் மறக்காத மனுஷி அந்த வீட்டில் மறதிக்காரி ஆனார். பிறகு பாசாருக்குத் தனியாக அனுப்பத் தயங்கினார்கள். வங்கிப் புத்தகத்தைச் சேகர் வாங்கித் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார். எல்லாம் மெல்ல மெல்ல, யாரும் திட்டமிடாமல் நடந்தன. மூன்று வருடம் நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஃபைல் நடந்துகொண்டிருக்கிறது, ஐசி வரட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐசியும் வந்துவிட்டது.

புதன்கிழமை வீட்டுக்கு வந்ததும் அத்தை என் கட்டைவிரலைப் பார்த்தார். “உனக்குமா?” என்றார். சிரிக்கவில்லை. சோப்பை எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அண்டா கொதித்தது. சேகரும் நண்பரும் அதைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு வந்தார்கள். அத்தை தொட்டியருகே நின்றிருந்தார். “அம்மா, மீனு இருக்கா?” என்றார் சேகர், வழக்கம்போல.

“மீனைக் கொன்னது நான்” என்றேன்.

“எந்த மீனு?”

“சம்மன் வந்த மீனு. தண்ணி கம்மியா இருந்துச்சு. அத்தை கேட்டாங்க, நான்தான் எறக்கச் சொன்னேன். செத்துப்போச்சு. நான்தான் புதைச்சேன். அவங்க எதையும் மறக்கல. என் ஃபைலுக்காகப் பேரைக் குடுத்தாங்க.”

அண்டா சூடு. ஆனாலும் இருவரும் அதைக் கீழே வைக்காமல் நின்றார்கள். நண்பர்தான் முதலில், “பாஸ், கை வேகுது லா” என்றார். வைத்தார்கள்.

சேகர் அம்மாவைப் பார்த்தார். “உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“மூணு வருஷமா நான் உன்னய…”

“ஆமா. வாயே வலிக்காம கேட்டே.”

அவர் முகம் என்னவோபோல் ஆனது. என் பக்கம் திரும்பவில்லை. அன்று சாயங்காலம்வரை என்னிடம் பேசவும் இல்லை. அதற்கு நான் வருத்தப்படவில்லை. சாப்பிட்டு முடித்ததும் பெட்டியைத் திறந்து வங்கிப் புத்தகத்தை எடுத்து அத்தையின் மஞ்சள் துணியில் வைத்தார். அதை நான் பார்த்தேன் என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் அதெல்லாம் பிறகு. பின்வாசலில் அத்தை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப எதுக்குச் சொல்றே?”

“ஐசி வந்துருச்சு அத்தை.”

“அப்ப, வராட்டி?”

இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் அந்தக் கேள்வி. எழுதி முடிக்கும் நேரத்திலும் அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை.

அத்தை வெகுநேரம் காத்திருக்கவில்லை. அண்டா காத்திருக்காது. மூங்கில் குச்சி ஒன்றைத் தொட்டிக்குள் நிறுத்தி, நனைந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெளியே எடுத்து என்னிடம் காட்டினார்.

“இவ்ளோ இருக்கு. எறக்கலாமா? பழைய தாளப் பாக்காத. இப்ப போட்டுச் சொல்லு.”

இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டேன். மட்டம் பாதிக்கும் மேலே இருந்தது. ஆனாலும் மேலாகச் சூடு நிற்கும். மீன்களை வாளியில் எடுத்துவிட்டு இறக்கலாம், ஆறியதும் திரும்ப விடலாம் என்றேன்.

“அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல” என்றார் அத்தை.

மலர் வாளியைக் கொண்டுவந்தாள். சல்லடைக் கரண்டியால் ஒவ்வொன்றாக அள்ளினேன். பதினொன்று. அண்டா இறங்கியது, தண்ணீர் ‘சுர்’ரென்றது. முக்கால் மணி நேரம் கழித்துக் கையை விட்டுப் பார்த்து, மீன்களைத் திரும்பத் தொட்டியில் கவிழ்த்தேன். கட்டைவிரல் நகத்தடியில் இன்னும் கொஞ்சம் கருப்பு மை மிச்சமிருந்தது. ஒரு மீன் வந்து அதை மோந்து பார்த்துவிட்டுப் போனது.

நேற்று குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். சேகர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் பழக்கத்தில் அம்மா பக்கம் திரும்பி, “மீனு…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அத்தை தன் தட்டிலிருந்து நிமிராமல் எனக்குக் கேட்கும்படி முடித்தார்.

“இருக்கா?”

“இருக்கு அத்தை” என்றேன். “பதினொண்ணு. எண்ணிப் பாத்துட்டேன்.”